ஆறு கவிழ்ந்த கோப்பைகள்

அந்தச் சனிக்கிழமை காலை நீச்சல் குளத்தில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். அம்மா, எட்டு வயதுத் தங்கச்சி, நான், குளத்தைப் பார்த்துக்கொள்ளும் பாடமைஸ்டர். வராதவர்கள் இரண்டு பேர். அப்பாவுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் காலை வேலை. மற்றவர் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா. நான் பிறப்பதற்கு முந்திய வருடம் வள்ளத்தில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அன்றைக்கு நாங்கள் பன்னிரண்டு ரோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனது, யோசித்துப் பார்த்தால், அவருக்காகவும்தான்.

பிழை என்னில்தான் தொடங்கியது.

எங்கள் வீட்டில் அப்பா மூன்றாம் வகுப்பு, அம்மா ஐந்தாம் வகுப்பு. நான் பல்கலைக்கழகத்துக்குப் போகிறேன் என்றதும் ஜேர்மனியில், நாங்கள் இருந்த டோர்ட்மண்டில் இருக்கிற சொந்தங்கள் எல்லாம் தொலைபேசியில் கேட்டது ஒரே கேள்வி: "டொக்டரோ, இஞ்சினியரோ?" ஸ்லாவிய மொழிகளும் அவர்களுடைய நாட்டார் கதைகளும் என்று சொன்னேன். பிறகு, "சரி, ஏதோ படிக்கிறான்தானே" என்பார்கள். அப்பா மட்டும் நேரே சொன்னார்.

"ஊர் முழுக்கப் பிள்ளையள் கொம்பியூட்டர் படிக்குது. என்ர பிள்ளை பேய் படிக்குது."

நான் அந்தப் படிப்பை எடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் கட்டடத்தின் மாடிப்படியில் எந்நேரமும் போலந்து, ரஷ்யம் என்று ஸ்லாவிய மொழிகள்தான் கேட்கும். எங்கள் தமிழைப் போலவே அவையும் கதவுக்கு உள்ளே ஒரு மாதிரியும் வெளியே இன்னொரு மாதிரியும் பேசப்படும் மொழிகள். வாசலில் சப்பாத்தைக் கழற்றுகிற வீடுகள். அவர்களுடைய கதைகளைக் கேட்டால் இன்னும் கிட்டப் போகலாம் என்று நினைத்தேன். இருபத்தொரு வயதில் அப்படியெல்லாம் நினைக்க முடிந்தது.

இரண்டாம் வருடத்தில், ஸ்லாவிய மக்களின் நீர்வாழ் ஆவிகள் பற்றி வகுப்பில் இருபது நிமிடம் பேச வேண்டி வந்தது. நான் எதையும் ஒப்புக்குச் செய்கிறவன் இல்லை. குசினி மேசையில் இருந்து திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினேன். கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டுமே. தங்கச்சியைப் பிடித்து இருத்தினேன். அவளுக்கு ஒரு கிண்ணம் சிப்ஸ், எனக்கு ஒரு சபை.

ரஷ்யர்கள் தண்ணீர் ஆளை வதியனோய் என்கிறார்கள் என்று சொன்னேன். தாடியில் பாசி பிடித்த கிழவன். ஆற்றுத் தண்ணீரின் விசையில் மா அரைக்கும் ஆலைக்காரனும் மீனவனும் அவனைப் பகைக்க மாட்டார்கள். வலை வீசமுன் ஒரு சிட்டிகை புகையிலையைத் தண்ணீரில் போட்டு, "இந்தா புகையிலை, எங்களுக்கு மீன் தா" என்பார்கள். தண்ணீரில் இறந்துபோன பெண்கள் ருசால்காக்கள் ஆகி ஈரத் தலைமுடியோடு கரையில் இருப்பார்கள். அந்தத் தலைமுடி காய்ந்தால் அவர்களுக்கு உயிர் இல்லை. இந்த நாட்டின் கிழக்கே லவுசிட்ஸ் பக்கத்தில் சோர்பியர்கள் என்று ஒரு சின்ன ஸ்லாவிய இனம் இன்னும் இருக்கிறது. அவர்களின் தண்ணீர் ஆள் மனிதரைப் போலவே உடுத்திக்கொண்டு சந்தைக்கு வருவான், சாமான் வாங்குவான், காசு கொடுப்பான், பேசின பேச்சு மாறமாட்டான். ஆனால் உடுப்பின் ஒரு பக்கத்து ஓரம் எப்போதும் ஈரமாக இருக்கும். அதை வைத்துத்தான் ஆளைப் பிடிக்கலாம். செக் நாட்டுக்காரர் சொல்வது இன்னும் ஒன்று. அவன் மூழ்கினவர்களின் உயிர்களைக் கோப்பைகளுக்குக் கீழே கவிழ்த்து வைத்திருப்பான். யாராவது கோப்பையை நிமிர்த்தினால் உயிர் குமிழியாக மேலே போய்விடும்.

தங்கச்சி சிப்ஸ் தின்பதை நிறுத்தினாள்.

"எல்லாற்ற உயிரையுமோ?"

"மூழ்கின எல்லாற்றயும்."

நல்ல சபை என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அடுத்த மாதம் அவளுடைய பள்ளியில் இருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் வீட்டில் ஜேர்மன் கடிதம் வந்தால் நான் வரும்வரை தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே இருக்கும். பிரித்துப் படித்தேன். கோடை விடுமுறைக்கு முன்பு வகுப்பு முழுவதும் மூன்று நாள் ஒரு ஏரிக்கரைக்குப் போகிறது. கடற்குதிரைச் சின்னம் வாங்கிய பிள்ளைகள் மட்டும் போகலாம். அது இங்கே சின்னப் பிள்ளைகள் நீந்தப் பழகியதற்குக் கொடுக்கும் முதல் சின்னம். குளத்தின் ஓரத்தில் இருந்து குதித்து, இருபத்தைந்து மீற்றர் நீந்தி, தோளளவு தண்ணீரின் அடியில் கிடக்கும் ஒரு வளையத்தைக் கையால் எடுத்துவர வேண்டும். உங்கள் மகள் பள்ளி நீச்சல் வகுப்பில் நாலு வாரமாகத் தண்ணீருக்குள் இறங்க மறுக்கிறாள், தயவுசெய்து கவனியுங்கள் என்று கீழே ஆசிரியை கையால் எழுதியிருந்தார்.

தங்கச்சி அந்தப் பயணத்துக்கு ஏற்கெனவே பை அடுக்கி வைத்திருந்தாள். கட்டிலுக்குக் கீழே அதைக் கண்டேன். எனக்கும் ஒரு காலத்தில் அப்படி ஒரு கடிதம் வந்தது. அம்மா ஒரு டொக்டரிடம் போய்க் காது வருத்தம் என்று எழுதி வாங்கினார். ஒரு வருடம் முழுக்க நான் குளத்தின் ஓரத்து வாங்கில் சப்பாத்துக்கு மேலே நீலப் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டு இருந்தேன். வகுப்பு ஏரிக்குப் போன மூன்று நாளும் வேறொரு வகுப்பில் என்னை இருத்தினார்கள். தண்ணீர் ஆவிகளைப் பற்றி இருபது நிமிடம் பேசக்கூடியவனுக்கு முழங்காலுக்கு மேலே தண்ணீர் தெரியாது.

"ஏன் இறங்கமாட்டன் எண்டுறாய்?" என்று தங்கச்சியைக் கேட்டேன்.

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து காதுக்குள் சொன்னாள்.

"அண்ணா, அவன் அங்க இருக்கிறான்."

"ஆர்?"

"தண்ணி ஆள். பாடமைஸ்டர். இடது கால் எப்பவும் ஈரம். வலது கால் காய்ஞ்சிருக்கு. இடது மட்டும் ஈரம்."

"அவர் குளத்தில நிண்டு வேலை செய்யிறவர். நனையும்தானே."

"அப்ப கோப்பை?"

"என்ன கோப்பை?"

"அவன்ர கண்ணாடி அறையில ஆறு கோப்பை. கவிட்டு வைச்சிருக்கிறான்."

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அவள் முகம் சுருங்கிப் போயிற்று. பிறகு, நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டாள்.

"மாமா எந்தக் கோப்பைக்குள்ள?"

சுவரில் மாமாவின் படம் ஒன்று இருந்தது. பதினெட்டு வயதுப் பெடியன், சட்டைப் பொத்தான் இரண்டு திறந்தபடி, சிரிப்பு. அம்மா அதற்கு வெள்ளிக்கிழமை விளக்கு வைப்பார். பேச்சு எடுக்க மாட்டார். இவள் அந்தப் படத்தை எட்டு வருடமாகப் பார்த்துப் பார்த்து, நான் சொன்ன கதையோடு சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறாள். கடலில் போனவர். அப்படியென்றால் கோப்பைக்குள் இருப்பார்.

அம்மா குசினியில் நிற்கிறார் என்று நினைத்தேன். அவர் கதவுக்கு வெளியே துவைத்த உடுப்புக் கூடையோடு நின்றிருக்கிறார்.

இனி எனக்கு ஏச்சு விழப்போகிறது என்று காத்திருந்தேன். விழவில்லை. அம்மா கூடையைக் கட்டிலில் வைத்துவிட்டு, ஏதோ கடைச் சாமான் விசாரிப்பது போலக் கேட்டார்.

"அந்தத் தண்ணிக்காரனுக்கு என்ன குடுப்பினமாம்?"

"எந்தத் தண்ணிக்காரன் அம்மா?"

"நீ படிக்கிறாயே, அவன்தான். அவையள்ட ஆக்கள் என்ன வைப்பினம் எண்டு கேக்கிறன்."

"புகையிலை. வெண்ணெய். பாண். ஆலைக்காரர் கறுப்புச் சேவலும் குடுத்திருக்கினம்."

"சேவல் ஏலாது," என்றார் அம்மா. "பஸ்ஸில ஏத்தமாட்டான். ரோல்ஸ் சுடுவம்."

"அம்மா, அது கதை. அந்த மனுசன் மாநகரசபையில சம்பளம் வாங்கிறவர்."

"கதையெண்டா ஏன் ரெண்டு வரியமாப் படிக்கிறாய்? உன்ர கொப்பாவும் மாமாவும் கடலுக்கு ஒரு மடை வைக்காமல் முதல் நாள் தொழிலுக்குப் போனவையோ? குடுக்கிறதைக் குடுத்துட்டு இறங்கினால் பிள்ளைக்குப் பயம் போகும். நீ வாயை மூடிக்கொண்டு பாசையை மட்டும் கதை."

இப்படித்தான் அந்தச் சனிக்கிழமை பன்னிரண்டு ஆட்டிறைச்சி ரோல்ஸ், அலுமினியத் தாளில் சுற்றப்பட்டு, பேருந்தில் நாலு நிறுத்தம் பயணம் செய்தன. பேருந்து முழுக்க மணம். முன் ஆசனத்தில் இருந்த ஒரு பெண் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

காலை ஏழரைக்குக் குளம் வெறுமையாக இருந்தது. குளோரின் மணமும் வெக்கையும். பாடமைஸ்டர் கண்ணாடி அறைக்கு வெளியே குழாயைப் பிடித்து ஓரத்தைக் கழுவிக்கொண்டு நின்றார். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளை அரைக்கை, வெள்ளை நீளக் காற்சட்டை. நானும் பார்த்தேன். இடது கால் முழங்கால் வரைக்கும் ஈரம். குழாயை இடது கையால் பிடிக்கிறவர், அவ்வளவுதான். ஆனாலும் ஒரு கணம் எனக்கும் உடம்பு கூசியது. பின்னால் கண்ணாடி வழியாக, மடித்து விரித்த துவாயின் மேல் ஆறு கோப்பைகள், ஆறும் கவிழ்ந்தபடி.

தங்கச்சி அம்மாவின் சுடிதாருக்குப் பின்னால் நின்றாள். அம்மா பொதியை இரண்டு கையாலும் நீட்டினார். கோயிலில் தட்டு நீட்டுவது போல.

மனிதர் அதைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கையைத் துடைத்துக்கொண்டு மறுத்தார். ரஷ்ய வாடை அடிக்கிற ஜேர்மன்.

"மன்னிக்கவேண்டும். நான் அரச ஊழியர். அன்பளிப்பு வாங்க எனக்கு அனுமதி இல்லை."

"என்னவாம்?" என்றார் அம்மா.

"வேண்டாமாம்."

"ஏன் வேண்டாமாம்? உறைக்கும் எண்டு பயமாமோ?"

தங்கச்சிக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அவளுக்கு ஜேர்மன் என்னைவிடத் திறம். தண்ணீர் ஆள் படையலை மறுத்துவிட்டான். மறுத்தால் என்ன ஆகும் என்பதையும் நான்தானே சொல்லிக்கொடுத்திருந்தேன்: மறுத்தால் அவன் வேறு ஏதோ பெரிதாகக் கேட்கிறான் என்று அர்த்தம். அவள் வாசலை நோக்கி ஓடினாள். கழற்றிய சப்பாத்தைக்கூட எடுக்கவில்லை. உடுப்பு மாற்றும் இடத்துக் கதவடியில் நான் அவளைப் பிடித்தபோது அவள் அழவில்லை; "ஏரிக்குப் போகேல்ல, நான் போகேல்ல, விடுங்கோ" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். கட்டிலுக்குக் கீழே அடுக்கி வைத்த பை என் கண்ணுக்குள் வந்தது. நானும் அப்படித்தான் சொன்னேன், அந்த வருடம். எனக்குப் போக விருப்பமில்லை என்று ஆசிரியைக்குச் சொன்னேன்.

வேறு வழி இல்லை. அவளைக் கையில் பிடித்தபடியே திரும்பி வந்து பாடமைஸ்டரிடம் உள்ளதைச் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. என் தங்கச்சி நீங்கள் வதியனோய் என்று நினைக்கிறாள். உங்கள் காற்சட்டை. உங்கள் கோப்பைகள். கதை சொன்னது நான். அம்மாவின் தம்பி கடலில் போனவர்.

அவர் சிரிக்கவில்லை. முதலில் குனிந்து தன் இடது காலைப் பார்த்தார்.

"வதியனோய்," என்று மெல்லச் சொன்னார். நான் சொன்னதுபோல் இல்லை, சரியான உச்சரிப்பில். "இந்த நாட்டில் பத்து வருடம் ஆகிறது. இந்தச் சொல்லை ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை." பிறகு தலையை ஆட்டினார். "ஆனால் மாநகரசபையின் வேலை நேரத்தை ஒரு வதியனோயும் தாங்கமாட்டான்."

சைபீரியாவில் ஒரு ஆற்றங்கரையில் பிறந்தவராம். அவருடைய முன்னோர் ஜேர்மானியர், அந்த உரிமையில் குடும்பத்தோடு வந்தவர். சின்ன வயதில் ஆற்றில் குதிக்கமுன் பாண் துண்டு ஒன்றைத் தண்ணீரில் எறிவார்களாம். "நம்புகிறதாலே இல்லை. எறியாமல் குதித்தால் கால் கூசும், அவ்வளவுதான்."

அவர் யோசித்தார். பிறகு ஈரக் காற்சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு யூரோ நாணயம் எடுத்தார். அது ஈரமாக இருந்தது.

"அன்பளிப்பு வாங்க முடியாது. விலைக்கு வாங்கலாம்."

"காசோ?" என்று அம்மா கொதித்தார். "என்னை என்ன ரோல்ஸ் விக்கிறவள் எண்டு நினைச்சானோ? தலையில வைச்சுக்கொள்ளச் சொல்லு!"

அப்போது தங்கச்சி என் கையை விட்டாள். சந்தைக்கு வருகிற தண்ணீர் ஆள், விலைக்கு வாங்குகிறவன், பேச்சு மாறாதவன். ஈரமான காசு. அவளுக்குக் கதையின் இந்த இடம் தெரியும். இரண்டு அடி முன்னுக்குப் போய் ஜேர்மனில் சொன்னாள்.

"காசு வேண்டாம். ஒரு ரோலுக்கு ஒரு கோப்பை. நான் நிமிர்த்துவேன்."

"ரோல் எத்தனை?"

"பன்னிரண்டு."

"கோப்பை ஆறுதான் இருக்கிறது. ஒரு கோப்பைக்கு இரண்டு ரோல்."

"நிமிர்த்தினால் திரும்பக் கவிழ்க்கக் கூடாது."

அவர் இதற்குக் கொஞ்சம் தயங்கினார். தூசி விழும் என்று யோசித்திருக்கலாம்.

"இன்றைக்குக் கவிழ்க்க மாட்டேன்."

"எப்பவும்."

"சரி. எப்பவும்."

கையை நீட்டினார். அவள் அந்த ஈரக் கையைப் பிடித்துக் குலுக்கினாள். எட்டு வயதில் அவ்வளவு துணிவு எனக்கு இருந்ததில்லை. இப்போதும் இருக்கிறதா தெரியாது.

கண்ணாடி அறைக்குள் நாங்கள் மூன்று பேரும் போனோம். அவர் வாசலில் நின்று குளத்தைப் பார்த்துக்கொண்டு முதலாவது ரோலைக் கடித்தார். தங்கச்சி ஒவ்வொரு கோப்பையாக நிமிர்த்தினாள். ஒவ்வொன்றுக்கும் கீழே துவாயில் ஒரு ஈர வளையம். ஒவ்வொரு தடவையும் மேலே பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஆறாவது நீலக் கோடு போட்டது, பிடியில் சின்னதாக ஒரு வெடிப்பு. அதைத் தொடாமல் கையை எடுத்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"இது நீங்கள் அம்மா."

"எனக்கென்னத்துக்கு? நீயே எடு."

"உங்கட தம்பிதானே."

அம்மா கிட்ட வந்தார். கோப்பையின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். சோற்றுப் பானை சூடா என்று பார்ப்பது போல. பிறகு மெதுவாக நிமிர்த்தி, பிடி வலப்பக்கம் வரும்படி, மற்றவற்றோடு வரிசையில் வைத்தார்.

"வெளிக்கிட்டிட்டார்," என்றாள் தங்கச்சி, கூரையைப் பார்த்து.

"ஓம்," என்றார் அம்மா. "போகட்டும்."

என்னுடைய குறிப்புகளில் இந்த நம்பிக்கையின் பரவல் பற்றி மூன்று பக்கம் இருந்தது. வகுப்பில் அதை வாசித்தபோது அந்த மூன்று பக்கத்தையும் விட்டுவிட்டு, டோர்ட்மண்டில் ஒரு குளத்தில் ஒரு பிள்ளை தண்ணீர் ஆளோடு பேரம் பேசியதைச் சொன்னேன். பேராசிரியர், ஆதாரத்துக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார். பக்கம் இல்லை, என் வீடு என்றேன். புள்ளி சுமாராகத்தான் கிடைத்தது.

அன்றைக்குத் தங்கச்சி உடனே பாய்ந்து நீந்திவிடவில்லை. சின்னப் பிள்ளைகளின் குளத்துப் படியில் ஒன்று இறங்கி நின்றாள், அவ்வளவுதான். "அம்மாவும் வாங்கோ" என்றாள். அம்மா சுடிதாரை முழங்காலுக்கு உயர்த்திப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கடற்கரையில் பிறந்து வளர்ந்த மனுசி. அங்கே பெண்கள் மீன் தெரிந்தெடுப்பார்கள், காய வைப்பார்கள், விற்பார்கள். கடலுக்குள் இறங்குவது ஆண்கள். முதல் படி, இரண்டாம் படி. பிடித்திருந்த துணி இடது பக்கம் நழுவியது.

"அம்மா! உங்கட இடது கால்!" என்று தங்கச்சி கத்தினாள். "நீங்களும் தண்ணி ஆள்!"

அம்மா குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. வாசலில் பாடமைஸ்டர் ஏழாவது ரோலோடு நின்றார். காற்சட்டை நனைய நான் படியில் இருந்தேன். எனக்கும் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஆறு சனிக்கிழமை போனோம். ஐந்தாவது வாரம் தங்கச்சி மூச்சை அடக்கி, கண்ணை மூடி, அடியில் கிடந்த வளையத்தை எடுத்துவந்தாள். ஆறாவது வாரம் ஓரத்தில் இருந்து குதித்து, வாயால் தண்ணீர் துப்பித் துப்பி இருபத்தைந்து மீற்றரையும் முடித்தாள். கண்ணாடி அறையில் ஆறு கோப்பைகளும் நிமிர்ந்தபடியே இருந்தன. தூசி விழாமல் மேலே ஒரு கைக்குட்டை விரித்திருந்தது. துணியில் நெய்த செம்மஞ்சள் கடற்குதிரையை அம்மா அடுத்த நாள் நீச்சல் உடுப்பில் தைத்துக் கொடுத்தார். கட்டிலுக்குக் கீழே இருந்த பை ஏரிக்குப் போய் வந்தது.

ஆனால் அந்த ஆறாவது சனிக்கிழமை, வெளியே வரும்போது, அம்மா நுழைவுச்சீட்டு கொடுக்கும் யன்னலடியில் நின்றுவிட்டார். அங்கே ஒட்டியிருந்த அறிவித்தலைக் காட்டினார். பெண்களுக்கான நீச்சல் வகுப்பு, புதிதாகப் பழகுவோருக்கு, ஞாயிறு காலை.

"உதில என்ன எழுதிக்கிடக்கு மோனை?"

வாசித்துச் சொன்னேன்.

"கேள், தலையில துணி கட்டிக்கொண்டு இறங்கலாமோ எண்டு. வயசு நாப்பத்திரண்டு எண்டும் சொல்லு. பிறகு ஏலாது எண்டு சொல்லக்கூடாது."

யன்னலில் இருந்த பெண் தொப்பி போட்டால் போதும் என்றாள்.

அன்றைக்கு அப்பா வேலை முடிந்து வந்து சாப்பிட இருந்தபோது தங்கச்சி சின்னத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடலில் பாதி வயது போன மனிதர்.

"சரி, இந்தப் பேய்க்கு எல்லாமா எவ்வளவு முடிஞ்சது?" என்று என்னிடம் கேட்டார். "ஒரு தேங்காய் உடைச்சிருந்தால் எழுபது சதத்தோட போயிருக்கும்."

"நீங்கள் சும்மா இருங்கோ," என்றார் அம்மா. "பேய் எனக்கும் ஒரு இடம் போட்டிருக்கு."

நான் பற்றுச்சீட்டுகளைக் கூட்டினேன். ஏழு சனிக்கிழமை மூன்று பேரின் நுழைவு, துணிக் கடற்குதிரை, அம்மாவின் வகுப்புக்குக் கட்டிய அறுபது. ரோல்ஸைச் சேர்க்கவில்லை, அதற்குக் கோப்பைகள் வந்துவிட்டன. யூரோ வந்து மூன்றாவது வருடம், அம்மா இன்னமும் எல்லாவற்றையும் பழைய மார்க் கணக்குக்கு இரண்டால் பெருக்கித்தான் பார்ப்பார், அன்றைக்கு மட்டும் பெருக்கவில்லை. நூற்றெட்டு யூரோ.